நீலச் சைக்கிள் வழக்கில் என் சாட்சியம்

ஜூன் 7, 2021, திங்கள்

இது 2018-ஆம் வருடத்து டைரி. உரக்கடையில் இனாமாகக் கொடுத்தார்கள். அப்போது எழுத நேரம் கிடைக்கவில்லை. இப்போது ஊரடங்கு நேரத்தை அள்ளித் தருகிறது. தேதியை அடித்துத் திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் மாசிலாமணி. கருவேலங்குளத்தில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். மொத்தம் ஆயிரத்து இருநூறு நாற்காலிகள். படிப்பு அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.; இன்றைய கணக்கில் பி.ஏ.வுக்கு ஒரு படி மேல். நாற்பத்தொரு வழக்குகளில் சாட்சி சொன்ன அனுபவம் உண்டு. வக்கீல்களே என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள்.

இப்போது இருப்பது பாளையங்கோட்டையில், அக்கா பேச்சியம்மாள் வீட்டில். அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக வந்தேன், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அக்கா மகள் சுடர்க்கொடி, என் மருமகள், சட்டக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். கல்லூரி பூட்டிக் கிடப்பதால் சாப்பாட்டு மேஜையே வகுப்பறை. போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு பேருக்குச் சாட்சியச் சட்டம் நடத்துகிறாள். சட்ட அறிவு எங்கள் குடும்பத்தில் என் பக்கமிருந்து வந்தது.

இன்று எங்கள் ஊர் ஸ்டேஷன் ஏட்டு போன் செய்தார். அடுத்த மாதம் 22-ஆம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பள்ளிக்கூடத்துப் பம்புசெட் திருட்டு வழக்கு. திருடன் ஐயாக்குட்டி, பழைய இரும்பு வாங்குகிறவன். ஆறடி உயரம், தேள் கொடுக்கு மீசை, இரத்தச் சிவப்பில் கண். அவன் குடிசையிலிருந்து பம்புசெட்டைப் போலீஸ் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட சாட்சி நான்தான். ஏழு மாதமாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லையாம். வழக்கே என் தலையில்தான் நிற்கிறது.

ஜூன் 9

சுடர்க்கொடி பாடம் நடத்தும் லட்சணத்தை இன்று நேரில் பார்த்தேன். யாரோ வெளிநாட்டுக்காரன் பேசுகிற வீடியோ, யாரோ செய்த கேள்வித்தாள், யாரோ போட்ட படம். எல்லாம் ரெடிமேட். எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஏம்மா, இவ்வளவு படிச்சிட்டு அடுத்தவன் பாடத்த எடுத்துப் போடுதியே, காலேஜுல தெரிஞ்சா என்னாகும்?”

“தெரியும் மாமா. அவங்கதான் நெட்டுல நல்லதா இருந்தா பாத்து எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. செஞ்சவங்களே அடியில எழுதியிருக்காங்க பாருங்க, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், எங்க பேர மட்டும் போட்டுருங்கன்னு. இதே மாதிரி ஒண்ண நான் ஒத்தையில உக்காந்து செஞ்சேன்னா, முடிக்கதுக்குள்ள இந்தப் பிள்ளைங்க வக்கீலாயிருவாங்க.”

“அப்பம் உனக்கு இதுல என்ன வேலை?”

“உங்க பந்தல்ல கிடக்க நாற்காலியெல்லாம் நீங்களா செஞ்சீங்க? எந்தக் கல்யாணத்துக்கு எத்தன போடணும், எங்க போடணும்னு பாக்கீங்கல்ல? அதான் வேலை.”

அடுப்படியிலிருந்து அக்கா, “நூத்தம்பது நாற்காலி, அதுல இருவது கால் ஒடிஞ்சது” என்றாள். அவளுக்கு இப்போது கண் தெரிகிறது என்பதால் எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 12

சும்மா சொல்லக்கூடாது. ஒரு பாடத்துக்கு இந்தப் பெண் பதினோரு வீடியோ பார்த்தாள், ஒன்பதைத் தள்ளினாள். ஒருவர் குதிரை ஓடுகிற வேகத்தில் பேசுகிறார், தள்ளு. இன்னொன்று அருமையாக இருக்கிறது, ஆனால் இறக்கினால் ஒருநாள் டேட்டா முழுக்கக் காலி, பிள்ளைகள் அடுத்த வகுப்புக்கு என்ன செய்வார்கள், தள்ளு. மூன்றாவதில் சட்டமே நம் சட்டம் இல்லை. தேறிய இரண்டையும் முழுதாகக் கொடுக்கவில்லை. ‘மூன்றாவது நிமிடத்திலிருந்து ஒன்பதாவது நிமிடம் வரை பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் அவர் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி பற்றிச் சொல்வார். நம்மிடம் ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான்’ என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறாள். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம்.

ரெடிமேட் சட்டையைக் கை குறைத்து, இடுப்பு பிடித்து ஆளுக்கு ஏற்றபடி ஆக்குவது போலத்தான். நான் அன்றைக்குச் சொன்ன யோசனையால் வந்த மாற்றம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15

எனக்குக் கல்லூரியில் பதவி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பாடமும் மாணவர்களுக்குப் போகும் முன்னால் நான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

“மாமாவுக்குப் புரிஞ்சிட்டுன்னா எல்லாருக்கும் புரிஞ்சிரும்” என்றாள் சுடர்க்கொடி. இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்?

எந்த இடத்தில் எனக்கு முட்டுகிறதோ அதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி மேஜையில் வைக்க வேண்டும். முதல் நாளே பதினேழு தாள். இன்னும் வராத தேதிகளையும் கிழித்துவிட்டதாக அக்கா சண்டை போட்டாள். ஆனால் மருமகள் பதினேழையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். சிரிக்கவில்லை. “இது என் தப்பு மாமா, மாத்துதேன்” என்று ஒன்பது இடத்தில் திருத்தினாள். படித்தவள் ஒருத்தி என் கையெழுத்தை அத்தனை கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

கேள்வித்தாளில் எனக்குப் பத்துக்கு மூன்று. மெஷின் கோளாறு.

ஜூன் 21

இன்று வந்த பாடம் பிரமாதம். பெயர் ‘நீலச் சைக்கிள் வழக்கு’. ஏதோ குளிர் தேசத்துப் பல்கலைக்கழகம் செய்து வைத்திருக்கிறது. கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். நாம்தான் எதிர்க்கட்சி வக்கீல். திரையில் நாலு கேள்வி இருக்கும், ஒன்றைத் தொட்டால் அவர் பதில் சொல்வார், அந்தப் பதிலுக்கு ஏற்ப அடுத்த நாலு கேள்வி வரும். அவர் பேசுவது இங்கிலீஷ். அடியில் தமிழ் எழுத்து ஓடும்படி சுடர்க்கொடி சேர்த்திருக்கிறாள்.

பெரியவர் நல்ல களையான ஆள். எடுத்த எடுப்பில் ராஜா மாதிரிப் பேசினார். திருட்டுப் போன சைக்கிளைக் கொட்டகையில் கண்டுபிடித்தபோது கூடவே நின்றாராம். நான் மூன்று கேள்விதான் தொட்டேன். எங்கே நின்றீர்கள்? வேறு யார் இருந்தார்கள்? முதலில் கண்ணில் பட்டது எது? மூன்றாவதில் பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. ‘இந்தச் சாட்சி பொருளை நேரில் பார்க்கவில்லை’ என்று பச்சை நிறத்தில் வந்தது.

நாற்பத்தாறு வழக்கு பார்த்த நான் சொல்கிறேன், அந்த மனிதரை அப்படி மடக்கியிருக்கக் கூடாது. வயதானவர்.

ஜூன் 22

மத்தியானச் சாப்பாட்டில் சுடர்க்கொடி விளக்கினாள். நம் சட்டத்தில், பிடிபட்டவன் போலீஸிடம் ‘நான்தான் திருடினேன்’ என்று சொன்னால் அது செல்லாதாம். அவன் காட்டிய இடத்தில் பொருள் கிடைத்தால், அந்த அளவுக்குச் செல்லுமாம்.

“அதனாலதான் மாமா வெளி ஆளு ரெண்டு பேர சாட்சிக்கு வைக்காங்க. போலீசுக்கும் வேண்டியவன் இல்ல, பிடிபட்டவனுக்கும் வேண்டியவன் இல்ல. அவன் கண்ணத்தான் கோர்ட்டு நம்புது.”

ரசம் நன்றாக இருந்தது. கொஞ்சம் உப்பு தூக்கல்.

ஜூன் 28

ஏட்டு மறுபடி போன். “அண்ணாச்சி, ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அன்னைக்கு முன்னக்கூட்டி வந்துருங்க, எழுதி வச்சிருக்கத ஒருதடவ வாசிச்சுக் காட்டுதேன், அத அப்படியே சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அண்ணாச்சி என்கிறார்! ஊரில் வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஜூலை 2

ரெடிமேட் பாடத்தில் ஒரு பெரிய ஓட்டை. அந்த தேசத்தில் மகஜர் கிடையாதாம். அதாவது, பொருளை எடுத்த இடத்திலேயே உட்கார்ந்து, என்ன எடுத்தோம், எங்கே எடுத்தோம் என்று எழுதி, பார்த்த சாட்சியிடம் கையெழுத்து வாங்கும் நம் ஊர் வழக்கம். அதைப் பற்றிக் கோட்டுப் பெரியவரிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லை. நம் கோர்ட்டிலோ பாதி நேரம் அதில்தான் போகிறது.

“அந்தத் துண்ட நாமதான் தச்சுச் சேக்கணும்” என்றாள் சுடர்க்கொடி. “சாட்சியா நடிக்க யாரு கிடைப்பா?”

நான் முண்டா பனியனோடு எழுந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான் சாட்சி. அறுபத்திரண்டு பேரும் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதே நீலச் சைக்கிள், அதே கொட்டகை. மகஜர் மட்டும் நம்முடையது. என்ன பார்த்தேன் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கமா? கதையில் உயிரே இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 6, செவ்வாய்

பத்து மணிக்கு ஆரம்பம். வெள்ளைச் சட்டை, திருநீறு, புது மாஸ்க். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். அரிசி டின்னுக்கு முன்னால் நான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள். பாதிக் கட்டம் கறுப்பு. டேட்டாவை மிச்சம் பிடிக்கக் காமிராவை அணைத்து வைத்திருந்தார்கள்.

நான் வெளுத்து வாங்கினேன். கொட்டகை கிழக்குப் பார்த்தது என்றேன். வாசலில் வேப்பமரம். நாய் ஒன்று குரைத்தது, செவலை நாய், வால் மட்டும் வெள்ளை. சைக்கிள் பெல்லை இன்ஸ்பெக்டர் ஒரு தடவை அடித்துப் பார்த்தார், கிணிங் என்றது. பிள்ளைகள் அசந்து போனார்கள்.

ஒரு பையன், “ஐயா, கேஸ் கட்டுல நாயே இல்லியே?” என்றான்.

“நாய்க்கு எதுக்குடே கேஸ் கட்டு?” என்றேன். எல்லாக் கட்டமும் சிரித்தது.

அப்புறம் கறுப்புக் கட்டம் ஒன்றிலிருந்து ஒரு குரல். பெயர் ஜெபசெல்வி. உப்பளத்துப் பக்கம் ஏதோ ஊர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தால்தான் அவளுக்கு சிக்னலாம். காற்று போனுக்குள் புகுந்து சத்தம் போட்டது, பின்னால் காக்கா கத்தியது. அந்தப் பெண் மட்டும் அவசரப்படவில்லை.

“ஐயா, மகஜர்ல இருக்கது உங்க கையெழுத்துதானா?”

“என் கையெழுத்துதான். முத்து முத்தா இருக்கும்.”

“நின்னுகிட்டு போட்டீங்களா, உக்காந்து போட்டீங்களா?”

“உக்காந்துதான். எனக்கு நாற்காலியே போட்டாங்க.”

“கொட்டகையில நாற்காலி கிடந்துச்சா?”

“கொட்டகையில எங்கம்மா நாற்காலி? ஸ்டேஷன்ல.”

காக்கா கத்துவது மட்டும் கேட்டது.

“ஸ்டேஷன்ல நீங்க கையெழுத்துப் போடும்போது, அந்தக் காகிதத்துல மேல எழுத்து இருந்துச்சா ஐயா?”

அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. அதனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஜூலை 7

அக்கா சொல்கிறாள், நேற்று நெட் போகவே இல்லையாம். அவள் அதே நேரத்தில் அடுத்த அறையில் அதே நெட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கிழவிக்கு என்ன தெரியும்?

ஜூலை 8

பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. “ஊருக்குக் கிளம்பலியா?” என்று அக்கா கேட்டாள். பாட வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

சுடர்க்கொடி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“மாமா, அந்தப் பம்புசெட் என்ன நிறம்?”

“பச்சை.”

கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல, நீலம்” என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் ஒரு சேலையை மடித்தாள்.

“கோர்ட்டுல என்ன சொல்லட்டும், நீயே சொல்லு” என்று கேட்டேன்.

“சாட்சிக்கு நான் சொல்லிக் குடுக்கக் கூடாது மாமா. பாத்ததச் சொல்லுங்க. பாக்காதத பாக்கலன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேசுனா, நானும் அந்த ஏட்டும் ஒண்ணு.”

தொட்டி மேல் உட்கார்ந்து அந்த ஜெபசெல்வி எப்படி அப்படிக் கேட்டாள் என்று விசாரித்தேன். நின்றீர்களா, உட்கார்ந்தீர்களா என்று கேட்கும் முறை குளிர் தேசத்துப் பாடத்தில் படித்ததாம். உங்கள் கையெழுத்தா, எழுத்து இருந்ததா என்ற இரண்டு கேள்வியும் சுடர்க்கொடி தைத்துச் சேர்த்த துண்டாம். நாற்காலி மட்டும் அவள் சொந்தச் சரக்காம். நல்ல தையல்.

ஜூலை 13

நீலச் சைக்கிளை மத்தியானம் ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். எப்படியாவது பெரியவர் தப்பிக்க ஒரு வழி இருக்கும் என்று வேறு வேறு கேள்விகளைத் தொட்டேன். நல்ல கேள்வியாக, அன்பான கேள்வியாகப் பார்த்துத் தொட்டேன். ஏழு தடவையும் அதே பச்சை எழுத்து. சும்மா சொல்லக்கூடாது, செய்தவர்கள் பலே கெட்டிக்காரர்கள்.

காலண்டர் தாளில் எழுதி வைத்தேன்: ‘எட்டாவதாக ஒரு வழி வேண்டும். பெரியவர் தானாகவே “நான் பார்க்கவில்லை” என்று சொல்வதற்கு ஒரு பொத்தான் இல்லை.’

சுடர்க்கொடி அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். இது நல்ல குறை, செய்தவர்களுக்கே எழுதி அனுப்புகிறேன் என்றாள்.

ஜூலை 19

டைரியில் எழுதினால் தப்பில்லை.

நவம்பரில் என் போன் தொலைந்துவிட்டது. மனு எழுதிக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வந்து கட்டிப் பிடித்து வரவேற்றார். இல்லை, ஏட்டுதான். கட்டிப் பிடிக்கவும் இல்லை. “அண்ணாச்சி, உக்காருங்க” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது.

முப்பது வருடமாக ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றிலும் பிறர் உட்கார நாற்காலி போட்டவன் நான். போட்டு முடித்ததும் ஓரமாக நின்றுகொள்வேன். வாடகைக்காரனை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். எனக்கென்று ஒருவர் நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு காகிதத்தை நீட்டினார். போட்டேன்.

எழுத்து இல்லை. வெறும் காகிதம்.

ஜூலை 22, வியாழன்

தனியாகத்தான் போனேன். “நான் கூட வந்தா, நான் சொல்லிக் குடுத்தேம்பாங்க” என்று சுடர்க்கொடி வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். ஏட்டு முன்னதாக வரச் சொன்ன நேரத்துக்குப் போகவில்லை, பஸ் லேட். நான் அடுத்த பஸ்ஸில் ஏறியதால் லேட்.

கோர்ட் முழுக்க என்னைப் பார்க்கக் கூட்டம். சரி, பதினைந்து பேர் இருப்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை.

கூண்டில் ஏறினேன். சத்தியம் வாங்கினார்கள். அரசு வக்கீல், “எதிரி ஐயாக்குட்டியை அடையாளம் காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

நான் ஆறடி ஆளைத் தேடினேன். தேள் கொடுக்கு மீசையைத் தேடினேன். ஆறடியில் இரண்டு போலீஸ்காரர்கள்தான் இருந்தார்கள். நடுவில் அவர்கள் தோளுக்கும் எட்டாமல் ஒரு மனிதர் நின்றார். கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். மாஸ்க்கின் வார் அறுந்து போனதால் அதைக் கையால் வாயோடு பிடித்துக்கொண்டிருந்தார். என்னையே பார்த்தார். நான் யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

“தெரியலய்யா. இவர நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“மகஜர்ல இருக்கது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாய்யா. ஸ்டேஷன்ல வச்சுப் போட்டேன். பம்புசெட்ட நான் பாக்கல. குடிசையையும் பாக்கல.”

அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் என்னைப் பிடித்து உலுக்கினார். எதிரி தரப்பில் என்ன வாங்கினாய் என்றார். அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவே ஆள் இல்லை, எனக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றேன். “கோர்ட்டுக்கு வந்து பழக்கப்பட்ட ஆள்போலப் பேசுறீரே, இதுவரை எத்தனை வழக்கில் சாட்சி?” என்றார்.

வாய் வரைக்கும் அறுபது வந்துவிட்டது.

“இதோட மூணுங்கய்யா. முதல் ரெண்டும் பந்தல் தகராறு.”

மாஜிஸ்திரேட் அம்மா அதுவரை எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீங்க கையெழுத்துப் போடும்போது அந்தக் காகிதத்துல எழுத்து இருந்துச்சா?”

தண்ணீர்த் தொட்டி மேல் காற்றடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

“இல்லம்மா. வெறும் தாள்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் ஏட்டு என் பக்கமே திரும்பவில்லை. எனக்குப் பின்னால் வந்தவரை “வாங்கண்ணாச்சி” என்றார். பஸ் வரும் வரை ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நிற்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 23

நேற்று இரண்டு வக்கீல்கள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். உண்மையாகவே நின்றார்கள். அவர்கள் வழக்கைக் கூப்பிட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4

ஐயாக்குட்டியை விட்டுவிட்டார்கள் என்று ஊரிலிருந்து சொன்னார்கள். என்னை யாரும் தேடவில்லை.

நீலச் சைக்கிள் பாடத்துக்கு நம் மகஜர்த் துண்டைச் சேர்த்து, முழுதாகத் தமிழ்க் குறிப்போடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சுடர்க்கொடி இன்று நெட்டில் போடுகிறாள். வேறு ஏதோ கல்லூரியில், அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வேறு ஒரு பெண் இதைப் பார்ப்பாள். பதினோரு வீடியோவில் ஒன்பதைத் தள்ளினாலும் இதைத் தள்ள மாட்டாள். என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

மேலே குளிர் தேசத்துக்காரர்கள் பெயர். அடுத்து அவள் பெயர். மூன்றாவது கேள்விக்குக் கீழே, ‘நாற்காலி: மாணவி ஜெபசெல்வி’. அதற்கும் கீழே ‘சோதித்துப் பார்த்தவர்: மாசிலாமணி’ என்று தட்டிவிட்டு நிறுத்தினாள்.

“படிப்பு என்ன போடட்டும் மாமா? எஸ்.எஸ்.எல்.சி.யா?”

“எட்டாவதுன்னு போடு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

“எட்டாவதுல நான்தான் முதல் மாணவன். அதையும் சேத்துக்கோ.”

“சேக்கலாம்” என்றாள் சுடர்க்கொடி. “யாரு மாமா பாத்தா?”